கார்ட்ரிட்ஜையும் கொஞ்சம் கவனிங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல இசைத்தட்டு மோகம் திரும்ப வந்தாச்சுன்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷம், ஆனா கார்ட்ரிட்ஜ், அதான் ஊசியைத் தாங்கி அதோட அதிர்வை மின் சிக்னலா மாத்துற சின்னப் பாகம், அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே. நான் பட்டதைச் சொல்றேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மூவிங் காயில்ங்கிற வகை கார்ட்ரிட்ஜ் வாங்கிட்டேன், வீட்டுல மாட்டினா வால்யூமை முழுசா திருகியும் கொசு பாடுற மாதிரி சத்தம். அது தர்றது 0.4 மில்லிவோல்ட், என் ஆம்ப்ளிஃபையர்ல இசைத்தட்டு பிளேயரைச் சொருகுற போனோ இன்புட், மூவிங் மேக்னட்ங்கிற இன்னொரு வகைக்கானது, அதுக்கு 4, 5 மில்லிவோல்ட் வேணும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. தண்டம்!

இப்போ வெச்சிருக்கிறது ஆடியோ டெக்னிகா கம்பெனியோட விஎம்95இ, மூவிங் மேக்னட் வகை. இதுல ஒரு வசதி, பாடியைக் கழட்டாம ஊசியை மட்டும் உருவிட்டு அதே வரிசையில வர்ற, நுனி இன்னும் மெல்லிசான மைக்ரோலீனியர் ஊசியைச் சொருகிக்கலாம், நானும் மாத்தினேன், தட்டோட கடைசிப் பாட்டுல 'ஸ' வர்ற இடமெல்லாம் பிசிறடிச்சது நல்லாவே குறைஞ்சிருச்சு. ஊசி தட்டு மேல அழுத்துற எடை 2 கிராம், சின்னத் தராசு வெச்சுப் பார்த்துதான் வைக்கணும். கம்மியா வெச்சா தட்டு தேயாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தப்பு, ஊசி பள்ளத்துல சரியா உக்காராம குதிச்சு சுவரைத்தான் கெடுக்கும்.

அடுத்த வாரம் இதைப் பத்தியும் ரெண்டு பத்தி போடுங்க சார்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் வாசகன்