அட்டை போட்டவரின் பில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காகித விலை, அரங்க வாடகை, கூட்டம் என எல்லாமே அதில் இருந்தன. அந்தப் புத்தகங்களுக்கு அட்டை போட்டவர்கள், படம் வரைந்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பல வருடங்களாக அட்டை வடிவமைப்பில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஜனவரிக் கண்காட்சிக்கான வேலை நவம்பரிலேயே குவியத் தொடங்கிவிடும். ஒரு படத்தை எடுத்துத் தலைப்பை மேலே வைத்தால் அட்டை ரெடி என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் பிரதியைப் படிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதிரிகள் செய்து காட்ட வேண்டும். எந்த எழுத்துருவும் பொருந்தாதபோது தலைப்பைக் கையால் எழுதி ஸ்கேன் செய்வோம். மேல்வரியில் உள்ள ‘ழ’வின் வால் கீழ்வரியின் ‘கி’யில் போய் இடிக்காமல் அமைப்பதற்கே அரை நாள் ஓடிவிடும். எல்லாம் முடித்து பிடிஎஃப் அனுப்பிய பிறகு, முன்னுரை சேர்ந்ததால் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், கூடிவிட்டது என்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும். பக்கம் கூடினால் புத்தகத்தின் முதுகு தடிக்கும். அட்டை முழுவதையும் மறுபடி அளந்து நகர்த்த வேண்டும். காலையில் அச்சகத்துக்குப் போயாக வேண்டுமே.

அதில் எனக்கு வருத்தமில்லை, தொழில் அப்படித்தான். பணம் கேட்கும்போதுதான் மனம் நோகிறது. “கண்காட்சி முடியட்டும்”, “நூலக ஆர்டர் வரட்டும்” என்று மாதங்கள் போய்க்கொண்டே இருக்கும். பேப்பர் கடைக்காரரிடமும் பைண்டரிடமும் இப்படிச் சொல்ல முடியுமா? அவர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சினால்தான் எங்கள் பில்லை எடுக்கிறார்கள். சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடும் சிறு பதிப்பகங்களின் சிரமம் எனக்கும் தெரியும். குறைந்த தொகைதான் முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லட்டும், ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

சட்டம் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சிறுதொழில்களைப் பதிவதற்கான மத்திய அரசின் ‘உத்யம்’ இணையதளத்தில் பதிவு செய்துகொண்டவரின் வேலையை ஏற்றுக்கொண்டால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அந்தக் கெடுவும் நிதியாண்டும் முடிந்தும் பாக்கி நின்றால், கொடுக்கும்வரை பதிப்பகம் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவரும் பதியலாம். வேலையை ஒப்படைக்கும் முன்பே பதிந்து வைப்பது முக்கியம்.

எங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். தமிழ்ப் பதிப்புலகம் சின்னது. பணத்தில் கறாரான ஆள் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த அட்டை வராது. வேலை வாங்குகிற பதிப்பாளர்கள் பக்கமிருந்து மாற்றம் தொடங்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். தொகை, எத்தனை திருத்தம், எந்தத் தேதியில் பணம், மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் என்ன என்று வேலைக்கு முன் ஒரு மின்னஞ்சலில் எழுதிவிட்டால் போதும். அப்புறம், “ஒரு சாம்பிள் செய்து காட்டுங்கள், பிடித்தால் பார்க்கலாம்” என்று நாலு பேரிடம் இலவசமாக வேலை வாங்குவதையும் நிறுத்த வேண்டும்.

தங்கள் இதழிலும் கதை, கவிதை, ஓவியம் அனுப்புவதற்கான விதிமுறைகளை மாதாமாதம் அச்சிடுகிறீர்கள். பக்க அளவு இருக்கிறது, முகவரி இருக்கிறது. பிரசுரமானால் எவ்வளவு தருவீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள் என்ற விவரத்தையும் அடுத்த இதழிலிருந்து அதோடு சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அட்டை வடிவமைப்பாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.