துணைக்கு ஆள் வேண்டுமாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைப் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையில், 'மாற்றுத்திறனாளிகள் துணையின்றிச் சாலைக்கு வருவதைத் தவிர்க்கலாம்' என்றொரு வரி. தலைக்கவசம் அணியுங்கள், வேகத்தைக் குறையுங்கள் என்ற வரிசையில் எங்களையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. வீட்டுக்குள்ளேயே கிடங்கள் என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

சக்கர நாற்காலியில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். மோட்டார் சைக்கிள்கள் ஏறக் கூடாதென்று எங்கள் தெருமுனை நடைபாதையில் இரும்புத் தூண்களை நட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் வளைந்து நெளிந்து ஏறிவிடுகின்றன. என் நாற்காலிதான் நுழையவில்லை. அந்தக் கோடியில் ஒரு சாய்தளம் உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. அவர்கள் கட்டியிருப்பது சறுக்குமரம். ஆகவே பஸ்களோடு பஸ்ஸாகச் சாலையில் போகிறேன். 'உங்களுக்கெல்லாம் ஏன் இந்த வேலை?' என்று ஹாரன் அடிப்பவர்களும் தங்கள் வாசகர்கள்தான் போலும். பார்வையற்ற என் நண்பருக்கு வழிகாட்டப் பதித்த மஞ்சள் ஓடுகளோ அவரை நேராக மின்மாற்றியடியில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தாங்கள் அறியாததல்ல. நாங்கள் நடமாடத்தக்க சாலைகளுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதன் 41ஆவது பிரிவு. சட்டத்தை மீறுவோருக்கு 89ஆவது பிரிவில் அபராதமும் உண்டு. யாராவது கட்டியதாக எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை, அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாங்களும் போட்டீர்கள், உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே.

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் மட்டும் முதல் பக்கம் எங்களுக்கு. அமைச்சர் மூன்று சக்கர வண்டி வழங்குகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த வண்டியை வாங்கியவர் அதை எங்கே ஓட்டுகிறார் என்று மறுநாள் போய்ப் பார்த்த செய்தியாளர் உண்டா? எங்கள் 'தளராத மனவலிமை' பற்றியும் ஆண்டுதோறும் எழுதுகிறீர்கள். ஒழுங்கான சாய்தளம் இருந்தால் அவ்வளவு வலிமை செலவாகாது, ஐயா.

அந்த வரிக்குத் திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் விருப்பம். தங்கள் அலுவலக வாசலில் நல்ல சாய்தளம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சென்ற முறை சந்தாப் பணத்தைக் காவலாளிதான் வெளியே வந்து வாங்கிப் போனார். அடுத்த தவணை கட்ட வரும்போதாவது அவற்றைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்