அப்பாவுக்கு, பெயின்ட் விஷயமாக

மெல்போர்ன்,
புரட்டாசிக் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதும், அம்மா நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் உங்களிடம் சொல்வாள் என்பதும் தெரிந்திருந்தும் பதில் எழுதத் தாமதித்தது என் தவறு. இப்போது உங்களிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. நான் பெயின்ட் அடித்தேன்.

இங்கே அநேகமாக எல்லா வீட்டுக் கொல்லையிலும் பார்பிக்யூ என்று ஓர் இரும்பு அடுப்பு நிற்கும். நம் ஊரில் சோளம் சுடும் கரி அடுப்புக்குக் காலும் மூடியும் வைத்தது போல இருக்கும். நகராட்சி வண்டிக்காகப் பழைய சாமான்களைத் தெருவோரம் வைக்கும் நாளில், பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெரியவர் துருவேறிய தம்முடையதை வெளியே வைத்தார். கேட்டு வாங்கிக்கொண்டேன். புதியது வாங்க முடியாமல் இல்லை. தகடு நல்ல கனமாக இருந்தது, விட மனம் வரவில்லை. கிடங்கில் சனிக்கிழமை ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள் என்பதால் நேரமும் இருந்தது. உடம்புக்கு ஓய்வு நல்லதுதானே.

கம்பி பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்து, உப்புத்தாள் தேய்த்து, உங்கள் கைப்பழக்கம்போல் துருப் பிடிக்காமலிருக்க அடியில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் அதன்மேல் கறுப்பு எனாமல் இரண்டு கோட்டும் அடித்தேன். நீங்கள் பெயின்ட் அடித்த பஸ் பட்டறையின் வாசலைத் தாண்டி வெளியே வரும் புது பஸ் போல மின்னியது. மறுநாள் கரி பற்றவைத்துக் கால் மணி நேரத்தில் அது முழுவதும் அப்பளமாகப் பொரிந்து, கொல்லையே நாறிவிட்டது. பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தம் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். அதன் பொருளை நான் கேட்கவில்லை.

பிறகு அவரே கடைக்கு அழைத்துப்போய் வேறொரு டப்பாவைக் கையில் கொடுத்தார். சாதாரண எனாமல் 200 டிகிரியைத் தாண்டினாலே கருகிப்போகும். இதில் சிலிக்கோன் பிசின் கலந்திருப்பதால் 600 டிகிரி வரை தாங்குமாம். அடியில் ரெட் ஆக்சைடு கூடாது, வெற்று இரும்பின் மேல்தான் நேராக அடிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்ததைப் படித்தபோது உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். காலையில் 7 டிகிரிக் குளிர் என்பதால் வெயில் ஏறும்வரை காத்திருந்து, மெல்லிசாக மூன்று கோட்டு அடித்தேன். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, ஆனால் நகத்தால் கீறினால் வந்துவிடும். நெருப்புப் பட்டால்தான் இறுகுமாம். முதலில் சின்னத் தீயில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, பிறகு பெரிய தீ மூட்டினேன். புகைந்துகொண்டே இருந்ததால் அன்றைக்கு அதில் எதையும் சுடவில்லை. உள்பக்கத்துக்கும் கம்பித் தட்டுக்கும் பெயின்ட் ஆகாது என்பதால் எண்ணெய் தடவித் தோசைக்கல்லைப் பழக்குவது போலப் பழக்கினேன்.

பொரிந்த பெயின்ட்டை இரண்டாம் முறை சுரண்டித் தேய்த்தபோது, "கண்ணால் பார்க்காதே, கண்ணை மூடிக்கிட்டு விரலால பாரு" என்று பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்த இடத்தில் என் விரலைப் பிடித்து நீங்கள் நகர்த்தியது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூடியின் வளைவைத் தடவிப் பார்த்தேன். தின்னர் வாசனையோடு அப்படி நின்றபோது, நீங்கள் பட்டறையிலிருந்து வந்து காக்கிச் சட்டையைக் கதவில் மாட்டுவது போலவே இருந்தது. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. தின்னர் தொட்டுத் துடைத்த துணியை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தாந்தோணிமலைப் பெருமாளுக்கு விரதம் முடியும்வரை அந்த அடுப்பில் கத்தரிக்காயும் சோளமும் தவிர எதுவும் ஏறாது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். சுட்ட கத்தரிக்காயில் கொத்சு செய்து பெரியவருக்குக் கொடுத்தேன். அவர்கள் ஊரில் அதையே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பிசைவார்களாம். கோடையில் நெருப்புத் தடை அறிவிக்கும் நாட்களில் கரி மூட்டக் கூடாது என்பதால் இப்போதே ஆசை தீரச் சுட்டுக்கொள்ள வேண்டும்.

நிற்க. சின்னக்கா மகள் சீருக்கு முன் வீட்டுக் கேட்டுக்கு நீங்களே பெயின்ட் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கண்புரை ஆபரேஷனை ஐப்பசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ரெட் ஆக்சைடு தாராளமாக அடிக்கலாம். பங்காளி வீட்டுச் சுவரைச் சர்வேயர் அளக்க வரும்போது பெரியப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், தனியாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் இம்முறை மாதக் கடைசியில்தான் வரும், தேதி கொஞ்சம் தள்ளிப்போனதைத் தவிர வேறொன்றுமில்லை.

மச்சில் இருக்கும் உங்கள் பெரிய பிரஷ்கள் இரண்டும் இன்னும் வளைகின்றனவா, காய்ந்து கட்டையாகிவிட்டனவா என்று எழுதுங்கள்.

அன்புள்ள மகன்