செஞ்சி சாலையில் கைகொடுத்த அண்ணனுக்கு

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், நாய் குறுக்கே ஓடி பைக்கோடு விழுந்த என்னைத் தூக்கிவிட்ட அண்ணா, பெயர் சொல்லாமலே கிளம்பிவிட்டீர்கள். அதனால் நன்றியை இங்கே சொல்கிறேன்.

ஹேண்டில்பாரைக் கோணலாகப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க் வளைந்துவிட்டது, பெரிய செலவு என்று நினைத்தேன். நீங்களோ முன்னால் குனிந்து இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு, "வளையல தம்பி, கிளாம்புக்குள்ள முறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான்" என்றீர்கள். ஆக்ஸில் நட்டு, மட்கார்டு போல்ட்டுகள், குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினீர்கள். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை நாலைந்து தடவை அமுக்கி, குழாய்கள் தானாக இடத்தில் உட்கார்ந்த பிறகே போல்ட்டுகளை முடுக்கினீர்கள். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆயில் கசிகிறதா, பிரேக் ஹோஸ் உரசுகிறதா என்றும் பார்த்தீர்கள். காசு வாங்கவில்லை, டீக்கும் நீங்களே கொடுத்தீர்கள், அது கொஞ்சம் அநியாயம்!

நீங்கள் சொன்னபடி கடையில் கோன் செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்குகளை, பார்க்கச் சொன்னேன். லேசான ஆட்டம் இருந்தது, சரிசெய்துவிட்டார்கள். ரொம்ப நன்றி அண்ணா.