பேலா லுகோசி: கட்டுரையில் விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பேய்ப் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1931ஆம் ஆண்டின் 'டிராகுலா' படத்தில் இரத்தம் குடிக்கும் பிரபு டிராகுலாவாக நடித்த பேலா லுகோசிக்கு அதில் ஒதுக்கப்பட்ட இரண்டு பத்திகளும், அவர் டிராகுலாவின் மேலங்கியோடு புதைக்கப்பட்ட செய்தியில் தொடங்கி, போதை மருந்துப் பழக்கத்தில் முடிந்துவிட்டன. மேலங்கியோடு புதைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டதாகவும் கட்டுரை சொல்கிறது. அப்படி அவர் கேட்கவில்லை என்றும், தானும் தன் தாயும் சேர்ந்து எடுத்த முடிவு அது என்றும் அவருடைய மகனே பிற்காலத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறார். ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. 'ருமேனியாவில் பிறந்த அமெரிக்க நடிகர்' என்று ஒரே வரியில் அவரைக் கடந்து போயிருக்கிறார் கட்டுரையாளர்.

லுகோசி 1882ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் லுகோஸ் என்னும் ஊரில் பிறந்தபோது அது ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. ருமேனியாவின் பகுதியானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். பேலா பிளாஸ்கோ என்பது இயற்பெயர்; ஊர்ப்பெயரை மேடைப்பெயராக ஏற்றுக்கொண்டார். பள்ளிப் படிப்பை முடிக்காமலே வீட்டை விட்டு வெளியேறி, இருபது வயதை ஒட்டி நாடகக் குழுக்களில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி நடித்துத் தொழில் கற்றவர். ஹங்கேரியின் செகெட் நகர மேடையில் ரோமியோவாக நடித்தார். டெப்ரெட்சென் மேடையில் இயேசுவாக நடித்தபோது எடுத்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. தோளில் புரளும் கூந்தலும் தாடியுமாக, சாந்தமே உருவாக நிற்கும் அந்த மனிதரை டிராகுலாவாகப் பார்த்துப் பழகியவர்கள் சட்டென்று அடையாளம் காண மாட்டார்கள். 1913இல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார். வெளியூர்களில் கதாநாயகனாக நடித்தவருக்கு அங்கே பெரும்பாலும் சிறு வேடங்களே கிடைத்தன. போர் மூண்டதும், நடிகர் என்ற முறையில் கிடைத்த விலக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலாட்படையில் சேர்ந்து, காயமடைந்து 1916இல் திரும்பினார். அரிஸ்டிட் ஓல்ட் என்ற பெயரில் ஹங்கேரிய ஊமைப் படங்களிலும் நடிக்கத் தொடங்கினார்.

அவர் ஏன் நாட்டை விட்டு வெளியேறினார் என்பதைத்தான் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது. போர் முடிந்த கையோடு, நாடகத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைக்கும் வேலையில் லுகோசி முன்னணியில் நின்றார். 1919 மார்ச்சில் பேலா குன் தலைமையில் ஏற்பட்ட பொதுவுடைமை அரசு 133 நாள்களே நீடித்தது. அந்நாள்களில் நடிகர்களின் தேசியத் தொழிற்சங்கத்தைக் கட்டுவதில் அவர் முக்கியப் பங்கு வகித்தார். நடிகர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளரைவிட மோசமாகச் சுரண்டப்படுகிறவர்கள் என்று சங்க இதழில் வெளிப்படையாகவே எழுதினார். அரசு கவிழ்ந்ததும், அதன் ஆதரவாளர்களைத் தேடித் தேடித் தண்டித்த புதிய ஆட்சிக்குத் தப்பி வியன்னாவுக்கும், பிறகு பெர்லினுக்கும் போனார். அங்கே முர்னாவ் போன்ற இயக்குநர்களின் படங்களில் நடித்துவிட்டு, 1920 டிசம்பரில் சரக்குக் கப்பலில் மாலுமிகளில் ஒருவராக வேலை பார்த்தபடியே நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத நிலையில், 1922இல் ஒரு நியூயார்க் நாடகத்துக்கான வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்தே நடித்தார். 1927 அக்டோபரில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில், அவர் டிராகுலாவாக நடித்த 'டிராகுலா' நாடகம் அரங்கேறி 261 காட்சிகள் ஓடியது. சொற்களுக்கு நடுவே அவர் விடும் நீண்ட இடைவெளியைப் பலரும் மொழித் தடுமாற்றம் என்று எழுதுகிறார்கள். பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை தன் குரலையும் உடலையும் கொண்டு சேர்க்கப் பழகிய மேடை நடிகரின் நிதானமும் அதில் பாதி உண்டு என்பது என் கருத்து. 1931இல் வந்த படத்தை மீண்டும் பாருங்கள்: கோரைப் பல் எங்கும் தெரியாது. பாழடைந்த மாளிகையின் படிக்கட்டில் விளக்கோடு இறங்கி வந்து, தன் பெயரைச் சொல்லி, விருந்தாளியை வரவேற்கிறார். கண்களின் மீது மட்டும் ஒளிக்கீற்று விழும்படி ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்ட் அமைத்த காட்சிகளும் பின்னால் வருகின்றன. மிச்சத்தை நடிகரின் புருவமும் விரல்களும் பார்த்துக்கொள்கின்றன.

அந்தப் படத்துக்கு அவர் பெற்ற மொத்த ஊதியம் 3,500 டாலர். அடுத்த ஆண்டே, 1932இல், கடன் தீர்க்க வழியின்றித் திவால் மனு கொடுத்தார். டிராகுலா வேடத்தையே வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்தார் என்ற கட்டுரையின் வரி மேடைக்குப் பொருந்தலாம். முழுநீளத் திரைப்படத்தில் டிராகுலாவாக அவர் தோன்றியது 1931லும் 1948லும், ஆக இரண்டே முறைதான். மற்றவை பைத்தியக்கார விஞ்ஞானி, பழிவாங்கும் மருத்துவர், வேலையாள் என்று கூலி குறைந்த, ஒரே அச்சில் வார்த்த வேடங்கள். 1939இல் வந்த 'நினோச்கா'வில் சோவியத் அதிகாரியாகச் சில நிமிடங்கள் வருகிறார். பொதுவுடைமை அரசோடு நின்றதற்காக நாடு துறந்தவருக்கு, பொதுவுடைமையைக் கேலி செய்யும் படத்தில், அதுவும் மெல்கியோர் லெங்யெல் என்ற ஹங்கேரியர் எழுதிய கதையில் கிடைத்த வேடம்!

சங்கத்தையும் அரசியலையும் அவர் அமெரிக்காவிலும் கைவிடவில்லை. திரை நடிகர் சங்கம் 1933இல் தொடங்கியபோது தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவரானார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஹங்கேரியரின் ஜனநாயக அமைப்புக்குத் தலைமை ஏற்று, 1944இல் ஹங்கேரிய யூதர்களைக் காப்பாற்றும்படி குரல் கொடுத்தார். கட்டுரை விரிவாகச் சொன்ன போதைப் பழக்கம், கால் வலிக்குக் கொடுக்கப்பட்ட மார்ஃபினிலிருந்து வந்தது. 1955இல் தாமே முன்வந்து அரசு மருத்துவமனையில் சேர்ந்து, அதைப் பத்திரிகைகளிடம் மறைக்காமல் சொன்னார். 1956 ஆகஸ்ட் 16ஆம் நாள் காலமானார்.

அதன் பிறகும் அவருடைய முகம் பொம்மைகளிலும் சட்டைகளிலும் விற்றுக்கொண்டே இருந்தது. அந்த வருமானத்தில் பங்கு கேட்டு அவர் குடும்பத்தினர் 1966இல், 'டிராகுலா' படத்தைத் தயாரித்த யுனிவர்சல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றாலும், தன் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமை நடிகர் இறந்ததும் முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குப் போகாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் அதற்கு மாறான தீர்ப்பை எழுதினார். சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியா அந்த உரிமையை வாரிசுகளுக்கு வழங்கித் தனிச் சட்டம் இயற்றியது. இறந்த நடிகர்களின் உருவத்தைக் கணினியில் மீட்டு நடிக்க வைப்பது பற்றித் தங்கள் நாளிதழே அண்மையில் எழுதியிருந்ததால், இந்த வழக்கைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டால் பொருத்தமாக இருக்கும். அதுவரை, இணையப் பதிப்பிலாவது அவரை 'ஹங்கேரிய மேடை, திரைப்பட நடிகர்' என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.