ஒட்டுப்பொட்டுக் கண்ணாடிக்கு நன்றி

போன சனிக்கிழமை கொடிமலையில் எங்கள் சாரணப் பிள்ளைகள் மூன்று பேர் மாட்டிக்கொண்டது இதற்குள் பினாங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் எனக்கே அது நான்கு விதமாக வந்தது. அதை நான் ஐந்தாவது விதமாகச் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் மூவரும் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம், மற்ற இருவருக்கும் அட்டைக்கடி. அவ்வளவுதான். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. சாரண ஆசிரியர் என்ற முறையில் தவறு என்னுடையது. அதைப் பெற்றோரிடம் நேரில் சொல்லிவிட்டேன்.

பொம்பா என்ற தீயணைப்பு, மீட்புப் படை வீரர்களுக்கு நன்றி. கடலுக்கு அப்பால், பெருநிலத்திலுள்ள செரோக் தோக்குன் குன்றின் உச்சியில் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து வானொலியை விட்டு நகராத மூத்த சாரணர்களுக்கு, அலைவரிசையைக் காலியாக விட்டுக்கொடுத்த அமெச்சூர் வானொலி நண்பர்களுக்கு, பதறி நின்ற அம்மாக்களை உட்காரவைத்துச் சூடாக மைலோ கொடுத்த மலைப்பாதைத் தேநீர்க் கொட்டகையின் சீனப் பெரியவர்களுக்கு நன்றி. என்னைத் திட்டாத பெற்றோருக்கு நன்றி. திட்டியவர்களுக்கும்தான்.

ஆனால் இந்த மடல் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

கையடக்க வாக்கி டாக்கி பெரும்பாலும் நேர்கோட்டில்தான் பேசும். அன்று காலை கொடிமலை உச்சியில் நின்ற எங்களுக்குக் கடல் தாண்டி செரோக் தோக்குன் குழு பேசியது பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. காலடியில், மலை மடிப்புக்குள் மாட்டிக்கொண்ட எங்கள் பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை. குறுக்கே மலை. அவர்களிடம் மிச்சம் இருந்தது பயிற்சிக் கண்ணாடி ஒன்று. மண் சரிந்து வெளிச்சம் விழுந்த ஓர் இடத்தில் நின்று, கையை நீட்டி, இரண்டு விரலை விரித்து, அந்தக் கவட்டைக்குள் தூரத்து வீட்டுக் கூரைகளை நிறுத்தி, வெயிலை விரல் மேல் அடித்திருக்கிறார்கள். மூன்று மின்னல், இடைவெளி, மறுபடி மூன்று. வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள்தான்!

அந்த அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மூணு தடவ மின்னுது, நிக்குது, மறுபடி மூணு. விளையாட்டுப் பிள்ளைங்க இப்படி எண்ணி எண்ணியா விளையாடும், தம்பி?" என்று என்னிடம் கேட்டார். உடனே 999-க்கு அழைத்திருக்கிறார். அது யாரும் செய்யக்கூடியது. அடுத்து அவர் செய்ததைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

குழாயடியில் ஆணியில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்துத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். மோர்ஸ் குறியீடு தெரியாது. எந்தப் பக்கம் சாய்த்தால் ஒளி எங்கே போகும் என்றும் தெரியாது. எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழுந்து ஓடுவதைப் பார்த்து, அப்படியே மேலே மேலே ஏற்றியிருக்கிறார். கை வலித்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் வந்து பிடித்திருக்கிறார். பொம்பா வண்டி வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"எதுக்கும்மா?" என்றேன்.

"யாரோ பாத்துட்டாங்கன்னு அதுங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஹென்றி மான்ஸ் 1869-இல் செய்த ஹீலியோகிராஃப், அதாவது வெயிலைக் கண்ணாடியில் மின்னவைத்துச் செய்தி அனுப்பும் கருவி பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். எதிர்முனை பதில் மின்னாவிட்டால் அனுப்பிய செய்தி சேர்ந்ததாகக் கணக்கில்லை என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். அந்தப் பதில் வரும்வரை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வயிறு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கீழே இருந்து முதல் மின்னல் வந்ததும் மூவரும் உட்கார்ந்து அழுதார்களாம். பிறகு இடத்தை விட்டு அசையவே இல்லை. அசையாமல் இருந்ததால்தான் தேடி வந்தவர்கள் நேராகப் போய்ச் சேர முடிந்தது.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சை பிளாஸ்டிக் சட்டம், ஒரு மூலையில் ரசம் போயிருந்தது. ஓரம் முழுக்க அரக்கு நிறத்தில் பழைய ஒட்டுப்பொட்டுகள், பதினொன்று. சின்னவன் எண்ணிச் சொன்னான். இதுவா அவ்வளவு தூரம் மின்னியது என்று அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

கப்பல் வரும் செய்தியை ஊருக்குக் கொடியேற்றிச் சொன்ன மலை அது. கொடிமலை என்று பெயர் வந்ததே அதனால்தான். மேலேயிருந்து சொல்வதைப் பற்றி மட்டுமே இத்தனை வருடம் பேசிவிட்டேன். இனி எங்கள் பிள்ளைகள் மலை ஏறும் நாளெல்லாம் கீழே ஒருவர் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். இது என் வாக்கு.

குறி பார்க்க நடுவில் ஓட்டை வைத்த சாரணர் கண்ணாடி ஒன்றைப் பிள்ளைகள் அந்த அம்மாவுக்குக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டையாப் போனத எனக்குக் குடுக்கிறீங்களா?" என்றார். அரை மணி நேரம் பாடம் நடந்தது. இந்த முறை ஆசிரியர் நான் இல்லை.

அம்மா, வரும் ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு வாசலுக்கு வாருங்கள். மூவரும் மேலே காட்சிமேடையில் நிற்பார்கள், பெற்றோர் கையைப் பிடித்தபடி. மழை இல்லாவிட்டால்.