ஜூபிட்டர்-9க்கு ஒரே சொல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய லென்ஸ்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பின்னணியைச் சுழற்றிக் காட்டும் வித்தைக்காகவே ஹீலியோஸ்-44க்கு அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அதே சோவியத் தயாரிப்பான ஜூபிட்டர்-9ஐ 'மங்கலானது' என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார். முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோவில் முகங்களை எடுத்தே பிழைத்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

1930களில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்டெலே உருவாக்கிய சோனார் என்ற லென்ஸ் வடிவமைப்பின் வழிவந்தது, 85 மி.மீ. குவியத்தூரமும் எஃப் 2 துளையும் கொண்ட இந்த லென்ஸ். ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டியிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறுதான். கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் மேற்பூச்சு இல்லாத காலத்தில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி வீணானதை நினைத்தால் இந்தச் சிக்கனத்தின் அருமை புரியும். போருக்குப் பின் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கிலும், பிறகு லித்காரினோவிலும் இது தயாரானது.

துளையை முழுதாகத் திறந்து, அதாவது எஃப் 2-இல் எடுத்தால் தெளிவான உருவத்தின் மீது மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படிவது உண்மைதான். ஆனால் முகத்துக்கு வேண்டியதே அதுதான். என் அத்தையைத் திண்ணையில் உட்காரவைத்து எஃப் 2-இல் எடுத்த படத்தில், நரைமுடியைச் சுற்றி அந்த ஒளி பரவியிருக்க, இமைமயிர் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். கண்ணை எடுக்காமலே துளை வளையத்தை அதைவிடச் சிறிய துளையான எஃப் 4-க்குத் திருப்பி எடுத்த அடுத்த படத்தில் மூக்குத்திக் கல்லின் பட்டைகள்கூடத் தெரிந்தன. துளையை அமைக்கும் இதழ்கள் பதினைந்து என்பதால், அந்த நிலையிலும் பின்னால் எரிந்த விளக்குகள் வட்டமாகவே விழுந்தன. எட்டு இதழ் கொண்ட ஹீலியோஸ்-44-2இல் அவை முனை முனையாகத் தெரிந்திருக்கும்.

குறையே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. எதிர்வெயிலில் படம் வெளிறிவிடும், முகப்பில் வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டாமல் எடுக்கவே கூடாது. உறைந்துபோன கிரீஸைத் துடைப்பதற்காகக் கண்டவர்களும் பிரித்து மாட்டிய பிரதிகள் சந்தையில் ஏராளம். நான் முதலில் வாங்கியதும் அப்படிப்பட்டதே: மரையைத் தவறான இடத்தில் பிணைத்திருந்ததால், குவிய வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் தெருக்கோடி தெளியவில்லை. விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் அதை மீண்டும் பிரித்துச் சரியான மரையில் பூட்டிய பிறகுதான் லென்ஸின் குணமே எனக்குத் தெரிந்தது. கட்டுரையாளர் சோதித்த பிரதியில் தொலைவிலுள்ள கோபுரம் ஒன்று தெளிவாக விழுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு தம் தீர்ப்பை எழுதுமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ ஒளிப்படக் கலைஞர்,
கும்பகோணம்.